வாயில் கடலை இருக்கும் வரை

சார், அந்தத் தூணுக்குப் பக்கத்துல நான் இருந்துக்கிடட்டா? ஒண்ணுமில்ல, அந்த எடத்துல இருந்தா கிரவுண்டு முழுசும் நமக்குத் தெரியும், கிரவுண்டுல நிக்கவங்களுக்கு நம்மளத் தெரியாது. நீங்க கொஞ்சம் தள்ளிக்கிட்டாப் போதும். ஆங், கொள்ளாம். நல்ல மனசு உங்களுக்கு.

யாரு சார் ஆடுதா உங்களுக்கு? யாருமில்லையா? சும்மா வெயிலுக்கு ஒதுங்கினியளா? நல்ல ஆளு போங்க. பந்து பாக்க எடத்துல நெழலப் பாக்க வந்த ஒரே ஆளு நீங்களாத்தான் இருப்பிய. சரி, அதும் நல்லதுக்குத்தான். ஆட்டம் தெரிஞ்சவன் பக்கத்துல இருந்தா எனக்கு வாய் நிக்காது. இன்னைக்கு நான் வாயத் தொறக்கக் கூடாது.

கடலை எடுத்துக்கிடுங்க. அட, எடுங்க சார். கை நெறைய எடுங்க. பொறவு கேட்டா இருக்காது. ஆட்டம் முடியிற வரைக்கும் இந்தப் பொட்டலம் எனக்கு வரணும். எதுக்குன்னு சொல்லுதேன்.

அன்னா, நீலச் சட்டைக்காரனுவளப் பாருங்க. நடுவுல ஒருத்தன், ஒல்லியா, தலையில வெள்ளைப் பட்டை கெட்டிக்கிட்டு ஓடுதாம்லா, அவன் எனக்க மவன். டெல்வின். பந்து வாறதுக்கு முன்னாலேயே தோளுக்கு மேலால பொறத்தால ஒரு பார்வை பாக்கான் பாருங்க. அது நான் சொல்லிக் குடுத்தது. அவன் ஓட்டம், நிப்பு, பந்த வாங்குத வளைவு, எல்லாம் நான்தான்.

அந்தப் பந்தலுக்கு அடியில கசேரி போட்டு இருக்காங்கல்லா, தொப்பி வச்ச ஒருத்தரும் கூட வேற ஆளுங்களும்? மெட்ராஸ்ல இருந்து வந்திருக்காங்க. பெரிய எடம். எந்த எடம்னு கேக்காதீங்க, பேரச் சொன்னா கண்ணு பட்டிரும்னு பிலோமி சொல்லியிருக்கா. பிலோமி எனக்க வீட்டுக்காரி. அவங்க டீமுக்கு நடுவுல ஆடுததுக்கு ஒரு ஆளு வேணும். ஒரே ஒரு ஆளு. எடுத்தா நிரந்தர வேலை, ஆப்பீஸ்ல மேசை, பேன். நீல டீம்லயும் செவப்பு டீம்லயும் நடுவுல ஆடுதவனுவளப் பாத்து இன்னைக்கு முடிவு பண்ணிருவாங்க. அவனுக்கு வயசு இந்த வருசத்தோட சரி. அடுத்த வருசம் அப்ளை பண்ண முடியாது. இது போச்சுன்னா பொறவு கடலுதான் சார். பிலோமிக்க ஆங்ஙள, கூடப் பொறந்தவன், கடலோட போனவன். வள்ளம் மட்டும் கரைக்கு வந்துது. அதனால அவளுக்கு இந்த வேலை மேல எவ்வளவு ஆசைன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

நான் வந்திருக்கது அவனுக்குத் தெரியாது. வரக் கூடாதுன்னு சொல்லிட்டான். எனக்கிட்ட இல்ல, எனக்கிட்டதான் பேசவே மாட்டானே, அவளுட்ட போன்ல சொன்னான். "அப்பா வந்தா நான் எறங்க மாட்டேம்மா"ன்னு. கேட்டியளா கதைய? பெத்த அப்பன் சார் நான். அவனுக்க காலுக்கு மொத பூட்ஸ் மாட்டுனது நான்.

பிலோமி என்னய ஊர்க் குருசடிக்குக் கூட்டிட்டுப் போயி, மெழுகுதிரி கொளுத்தி வச்சு, சத்தியம் பண்ணுங்கன்னா. போகவே மாட்டேன்னு சத்தியம் பண்ண எனக்கு வாய் வரல. மாதாவுக்க மொகத்தப் பாத்துப் பொய் சொல்ல முடியாதுல்லா. போவேன், ஆனா சீட்டி அடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுனேன். அதுக்கு அவ சொல்லுதா, "அடிச்சியள்னா அப்படியே எங்கயாவது போயிருங்க. வீட்டுப் படி ஏறாதீங்க." கல்யாணம் கெட்டி இத்தன வருசத்துல அவ என்னய அப்படிப் பேசுனதே கெடயாது. அதான் கடலை. வாயில கடலை இருந்தா சீட்டி வராதுல்லா சார்? நானே யோசிச்ச ஐடியா.

சீட்டின்னா என்ன சீட்டின்னு கேக்கிய. அதச் சொல்லணும்னா என்னயச் சொல்லணும்.

வேளாத்துறை வறுவேல்னு கேளுங்க. மேற்கே கொல்லம் வரைக்கும் பழைய ஆளுவ எந்திரிச்சு நிப்பானுவ. நடு ஆட்டக்காரன். முன்னால நிக்கவன் கோல் அடிச்சுப் பேரு வாங்குவான், பின்னால நிக்கவன் தடுத்துப் பேரு வாங்குவான், நடுவுல நிக்கவன் ரெண்டு பேருக்கும் பந்து குடுத்துட்டு ஏச்சு வாங்குவான். ஆனா ஆட்டம் முழுசும் அவன் கையிலதான் இருக்கும். கொல்லத்துல ஒரு ஓட்டுக் கம்பெனிக்காரங்க என்னயக் கூப்பிட்டு டீம்ல சேத்தாங்க. பகல்ல சூளையில சோலி, சாயங்காலம் பந்து. அங்க கோச்சு குறுப்பு சார்னு ஒரு பட்டாளத்துக்காரரு. மீசை இந்தா தண்டி இருக்கும்.

ஒரு பைனலு. ஜனம் தென்னை மரத்துலெல்லாம் ஏறி இருக்கு. பந்து எனக்க காலுல. குறுப்பு சார் கோட்டுக்கு வெளிய நின்னு, "எடத்தோட்டு! எடத்தோட்டு!"ன்னு தொண்டை கிழியக் கத்துதாரு. இடது பக்கம் குடுன்னு. நான் காதே குடுக்கல சார். வெளிய நிக்கவனுக்கு என்ன தெரியும்? பந்து எவன் காலுல இருக்கோ அவனுக்குல்லா தெரியும் எங்க எடம் இருக்குன்னு. நடுவுல ஒரு சந்து தெரிஞ்சுது, நேரா பூந்தேன், ரெண்டு பேரத் தாண்டி ஒரே அடி. கோலு! தூக்கிட்டுப் போயி ஓட்டலுக்குள்ள எறக்குனானுவ. குறுப்பு சார் கோவப்படல. ஒரு சாயா வாங்கித் தந்துட்டு, "எனக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுது"ன்னு சொல்லிட்டுப் போனாரு. நான் பொறவு யோசிச்சிருக்கேன், அந்த மனுசனுக்கு ரோசமே கெடயாது. சொன்னதக் கேக்காதவனுக்கு சாயா வாங்கிக் குடுத்தா பொறவு எவன் மதிப்பான்? அதான் அவரு கடைசி வரைக்கும் ஓட்டுக் கம்பெனியத் தாண்டல.

லேய், லேய், அத ஏம்லே அங்க தட்டுத... இல்ல இல்ல, வாயத் தொறக்கல. கடலை, கடலை.

எங்க விட்டேன்? ஆங். முட்டு போச்சு. அறுத்த வயல்ல பக்கத்துக்கு ஏழு பேரா ஆடுவாங்க, செவன்ஸ்னு சொல்லுவோம். அதுல ஒருத்தன் எனக்க முட்டு மேலேயே விழுந்தான். அதோட ஊருக்கு வந்துட்டேன். ஊர் கிளப்புக்கு கோச்சு, மேனேஜரு எல்லாம் நான்தான்னு ஆச்சு. எங்க ஊர்ல மேனேஜர்னா வேன் பேசுததுல இருந்து எலுமிச்சம்பழம் நறுக்குதது வரைக்கும். ஆனா வெளிய நின்னு ஆட்டம் பாக்க முடியல சார். காலு துடிக்கும். அன்னா எடம் கெடக்கு, இவனுக்குத் தெரியலையேன்னு நெஞ்சு கெடந்து அடிக்கும். கத்துனா காத்து கொண்டு போயிரும், கடற்கரை கிரவுண்டு அது. அப்பதான் சீட்டி.

எங்க அப்பன் கடல்ல வெரல வாயில வச்சு ஒரு சீட்டி அடிப்பாரு. எஞ்சின் சத்தத்தத் தாண்டி அடுத்த வள்ளத்துக்குக் கேக்கும். நீட்டா ஒண்ணு அடிச்சா, நில்லு, வலைய இழுக்காத. குட்டையா ரெண்டு அடிச்சா இந்தப் பக்கம், மூணு அடிச்சா அந்தப் பக்கம். அத அப்படியே பந்துக்குக் கொண்டு வந்தேன். நீட்டா ஒண்ணு, பந்தப் பிடிச்சு நில்லு. ரெண்டு, இடது. மூணு, வலது. தமிழ்நாட்டுல எந்தக் கோச்சுக்காவது இது தோணிருக்கா? எங்க கோல்கீப்பர் ஆன்சல் கொஞ்ச நாள்ல காதுல பஞ்சு வச்சுட்டு வர ஆரம்பிச்சான், பாவம், சளித் தொல்லை.

டெல்வினுக்கு அத மண்ணுல வச்சுப் பழக்குனேன். சின்னப் புள்ள. எனக்க துவர்த்தால, இன்னா இந்தத் துண்டுதான், கண்ணக் கெட்டிருவேன். பந்தக் காலுல குடுத்து ஓடச் சொல்லுவேன். சீட்டிய மட்டும் கேட்டு ஆடணும். மொதல்ல வள்ளத்துல போயி முட்டுவான், அழுவான். பொறவு பாக்கணுமே! கண்ணக் கெட்டிக்கிட்டு வள்ளத்துக்கும் வள்ளத்துக்கும் எடையில பந்தோட வளைஞ்சு போவான். ஊரே நின்னு பாக்கும். நீட்டா ஒண்ணு அடிச்சா, ஆணி அடிச்ச மாதிரி நிப்பான். வீட்டுல சோறு தின்னுட்டு இருக்கப்ப வெளையாட்டுக்கு அடிப்பேன். சோத்த உருட்டி வாய்க்கிட்ட கொண்டு போன கை அப்படியே நின்னுரும். வந்த விருந்தாளுவ எல்லாம் சிரிப்பாங்க. பிலோமி மட்டும் எந்திரிச்சு அடுக்களைக்குப் போயிருவா. அவளுக்கு வெளையாட்டு புரியாது.

அன்னா, அன்னா, குடுத்தான் பாத்தியளா! எடது ஓரத்துல ஓடுனவனுக்கு அளந்து குடுத்தான்... அடிலே! கோலு! கோலு சார்! டெல்வின் குடுத்த பந்து! தொப்பிக்காரரு எழுதுதாரு பாருங்க, அவரு எழுதுதாரு! நான் சத்தம் போடல்ல, கவனிச்சியளா? கோலுக்குக்கூட நான் சத்தம் போடல.

போனு. அவதான். இருங்க.

ஆங், பிலோமி. ஒண்ணுக்கு சைபர், நம்ம பக்கம். அவன் குடுத்த பந்து. ஆமா. இல்ல, அவன் பாக்கல. வாயில என்னவா? கடலை. கடலைதான், இன்னா கேளு சத்தத்த. கேக்குதா? சரி. வை.

பாத்தியளா, சந்தேகம். கடிக்க சத்தம் கேட்டாத்தான் நம்புதா. சரி, அவளச் சொல்லிக் குத்தமில்ல. ஊரு அவ மனசக் கலைச்சுட்டு. எனக்கு வெப்ராளமா, ஆத்திரமா வாறது அந்த ஒரு விசயத்துலதான் சார். அதச் சொல்லுதேன், நீங்க வெளியாளு, நீங்களே நியாயம் சொல்லுங்க.

அந்த வருசம் எங்க டீமு மாவட்டத்த ஜெயிச்சு, மாநில அரையிறுதி வரைக்கும் போச்சு. ஒரு கடற்கரை ஊரு டீமு, சொந்தமா கிரவுண்டு கெடயாது, மீன் காயப்போடாத நேரத்துலதான் பிராக்டிஸ். அரையிறுதி அன்னைக்கு ஊர்ல ஒரு வள்ளம் கடல்ல எறங்கல. வேன் வேனா வந்து எறங்குது ஜனம். பங்குச் சாமி ஃபாதர் கூட வந்திருந்தாரு. நான் மேனேஜரு. புதுச் சட்டை. எனக்க வாழ்க்கையில அப்படி ஒரு நாளு வந்ததில்ல, இனி வரவும் வராது.

ரெண்டாவது பாதி. கோல் விழல. டெல்வின் காலுல பந்து. எதிர்ல ஆளு நெருக்கமா நிக்கான். நான் நீட்டா ஒண்ணு அடிச்சேன். நில்லுலே, பிடிச்சு நில்லு, நம்ம ஆளுவ மேல வரட்டும்னு. அவன் நின்னான் சார். ஒரு நொடி நின்னான். என்னயத் திரும்பிப் பாத்தான். பொறவு என்ன நெனச்சானோ, மொகத்த அங்கோடித் திருப்பிட்டு நேரா நடுவுல பூந்தான். ரெண்டு பேரத் தாண்டுனான். அடிச்சான்.

ஆமா, கோலுதான். கோல் இல்லன்னு நான் சொல்லலையே. ஜனம் கூரை பிச்சுக்கிட்டுப் போகுத மாதிரி சத்தம். எல்லாரும் அவன் மேல விழுந்து கெடக்கானுவ. ஆனா சார், நான் என்ன சொன்னேன்? நில்லுன்னு சொன்னேன். ஊரு பாக்க, ஃபாதர் பாக்க, நான் அடிச்ச சீட்டிய எனக்க மவனே தூக்கிப் போட்டுட்டுப் போனா, பொறவு மத்தவன் எவன் கேப்பான்? இன்னைக்குக் கோல் விழுந்துது. நாளைக்கு விழலன்னா? ஒரு ஒழுங்குன்னு வேண்டாமா?

வெளிய எடுத்துட்டேன்.

என்ன சார் அப்படிப் பாக்கிய? கோல் அடிச்சவனத்தான். கைய ஆட்டிக் கூப்பிட்டேன், அவனுக்குப் புரியல, கெட்டிப்பிடிக்கக் கூப்பிடுதேன்னு நெனச்சுச் சிரிச்சுக்கிட்டு ஓடி வந்தான். நான் அவனுக்குப் பதிலா ஒருத்தன உள்ள அனுப்பினேன். அப்பதான் சிரிப்பு நின்னுது. முட்டக் கெட்டிக்கிட்டுத் தரையில இருந்துக்கிட்டான். பொறவு நடுவுல பந்து பிடிக்க ஆளில்ல, எதிர் டீம்காரன் ரெண்டு கோல் போட்டான், நாங்க தோத்துட்டோம். தோத்தது எங்க பின்னால நின்னவனுவ சரியா ஆடாததால. அத யாரும் பேசல. எல்லாம் எனக்க தலையில வந்துது.

மறுநாளு பங்கு மண்டபத்துல கூட்டம். ஃபாதர் கேக்காரு, "வறுவேல், கோல் அடிச்சவன எதுக்குப்பா வெளிய எடுத்த?" நான் சொன்னேன், "ஃபாதர், நீங்க பூசை வைக்கப்ப பாட்டுக்காரன் நீங்க சொன்ன பாட்ட விட்டுட்டு அவனிஷ்டத்துக்கு வேற பாட்டுப் பாடினா விடுவீயளா?" அவரு சொல்லுதாரு, "பாட்டு நல்லாருந்தா விடுவேன்." எல்லாவனும் சிரிச்சான். ஆன்சலுக்கு காது நல்லாக் கேட்டிருக்கு போல, அவன்தான் ஒருபாடு சிரிச்சான். என்னய மாத்திரணும்னு கையத் தூக்குனானுவ. பொறவு டெல்வின எழுப்பி, நீ என்ன சொல்லுதன்னு கேட்டாங்க. நான் நெனச்சேன், எங்கப்பாதான் எனக்கு எல்லாம்னு சொல்லுவான்னு. அவன் தரையப் பாத்துக்கிட்டு, "எனக்கு ஒரு ஆட்டமாவது சீட்டி இல்லாம ஆடணும்"ன்னான். அவ்வளவுதான். அந்த வாரமே பையத் தூக்கிட்டு இங்க பாளையங்கோட்டைக்கு வந்து இந்த நீல டீம்ல சேந்தான்.

எனக்கு அன்னைக்கு அழுகை வந்துது சார். வெளிய சொல்ல என்ன வெக்கம்? எனக்கு அவன் இல்லாம இருக்க முடியல. சாயங்காலமானா கரைக்குப் போயி நிப்பேன். பந்தும் இல்ல, அவனும் இல்ல. வாய் சும்மா இருக்காது, நீட்டா ஒண்ணு அடிச்சுப் பாப்பேன். வள்ளத்துல இருக்க ஆளுவ திரும்பிப் பாப்பானுவ. அவனுவகூட இப்ப எனக்குக் கோட்டி வறுவேல்னு பேரு வச்சாச்சு, பைத்தியமாம்.

அய்யய்யோ. செவப்புக்காரன் சமம் பண்ணிட்டான். எப்ப அடிச்சான்? உங்ககிட்டப் பேசுன வாக்குல பாக்கல. சவத்த விடுங்க. ஒண்ணுக்கு ஒண்ணு. இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கு. இப்பதான் சார் ஆட்டம். நடுவுல நிக்கவன் யாருன்னு இப்பதான் தெரியும். தொப்பிக்காரரு எந்திரிச்சு நின்னுட்டாரு பாத்தியளா? ரெண்டு பையன்மாரையும் மாறி மாறிப் பாக்காரு. செவப்புக்க நடு ஆட்டக்காரன் களைச்சுட்டான், இடுப்புல கை குடுத்துட்டு நிக்கான். நம்மாளு நிக்கல. எப்படி ஆடுதான் பாருங்க! நான் ஆடுன ஆட்டத்த விட நல்லா ஆடுதான், உள்ளதச் சொல்லணும். யாரு சொல்லிக் குடுத்தா இதெல்லாம்? அந்தத் திருப்பு நான் சொல்லிக் குடுத்ததில்லையே.

கடலை முடிஞ்சுட்டு. வெறும் தோலுதான் கெடக்கு. பரவாயில்ல, துண்டு இருக்கு, துண்ட வாயில வச்சுக்கிடுதேன். மாதாவே, இன்னும் கொஞ்ச நேரம்.

வாங்கிட்டான். பந்து அவன் காலுல. நடுக் கோட்டத் தாண்டிட்டான். வலது பக்கம் ஒருத்தன் ஓடுதான், நல்ல எடம் கெடக்கு, ஆனா... பொறத்தால! பொறத்தால ஒரு செவப்புச் சட்டை வாறான்! அவன் பாக்கல! டெல்வின் பாக்கல சார்! லேய் மக்கா, பொறத்தால பாரு, பொறத்தால... துண்ட எடுங்க, துண்ட...

நின்னான்! பாத்தியளா, நின்னான்! ஒரு சீட்டிதான்! இம்புட்டு ஜனத்துக்கு நடுவுல, இம்புட்டுச் சத்தத்துக்கு நடுவுல, கேட்டதும் ஆணி அடிச்ச மாதிரி நின்னான் எனக்க மவன்! மறக்கல சார் அவன், எனக்க சீட்டிய அவன் மறக்கவே...

ஏம்லே நிக்க? ஓடு! பந்து போகுது லேய், ஓடு! பந்த எடுத்துட்டுப் போறான், மக்கா, ஓடு! நின்னது போதும்!

அய்யோ.

கோலு.

போச்சா சார்? ரெண்டுக்கு ஒண்ணா?

அவன் இன்னும் அங்கேயே நிக்கான். அந்த எடத்துலேயே. கூட ஆடுதவன் வந்து தோளப் பிடிச்சுக் குலுக்குதான், நகர மாட்டேங்கான். அவனுக்க கோச்சு எதுக்கு எந்திரிக்காரு? எதுக்குக் கைய ஆட்டுதாரு? வெளிய எடுக்கப் போறாரா? சார், வெளிய எடுக்காரு சார்! தொப்பிக்காரரு பாத்துக்கிட்டு இருக்கப்ப வெளிய எடுக்காரே! இவனெல்லாம் ஒரு கோச்சா? ஆட்டம் முழுசும் அவன்தானே சுமந்தான்! ஒரு தப்பு, ஒரே ஒரு தப்புக்குப் புள்ளைய எல்லாரு முன்னாலயும் வெளிய எடுப்பானா ஒருத்தன்? அவனுக்கு மனசு என்ன பாடுபடும்னு யோசிக்க வேண்டாமா? பெத்திருந்தால்லா தெரியும் இவனுக்கு!

என்ன சார்? எதுக்கு அப்படிப் பாக்கிய? எந்திரிக்காதீங்க. இருங்க சார். நான் அவனக் காப்பாத்தத்தான் அடிச்சேன். பொறத்தால ஆளு வந்தாம்லா? நீங்களும் பாத்தியல்லா? ... தூரத்துலயா? எம்புட்டுத் தூரம்? இல்ல சார், கிட்டதான். கிட்ட வந்துட்டான். உங்களுக்கு ஆட்டம் தெரியாது.

வெளிய வந்துட்டான். தரையில இருக்கான். முட்டக் கெட்டிக்கிட்டு, அன்னைக்கு இருந்த மாதிரியே. தலையில இருந்த பட்டைய அவுத்துட்டான். இங்க பாக்கான். சார், மேல பாக்கான், ஒவ்வொரு வரிசையா பாத்துட்டு வாறான். கொஞ்சம் முன்னால சாஞ்சு இருங்க, நான் தெரியக் கூடாது. பயமா இருக்கு சார், பெத்த புள்ளையப் பாக்க எனக்குப் பயமா இருக்கு.

போனு அடிக்கு. அவதான். எடுக்கலன்னா விட மாட்டா.

ஆங், பிலோமி. ஆட்டமா... நடந்துட்டு இருக்கு. நல்லா ஆடுனான். ரொம்ப நல்லா ஆடுனான். எதுக்குக் கரகரன்னு இருக்கா? தூசி. என்னது? வாயிலயா? இரு, சரியாக் கேக்கல.

சார், உங்க கையில நான் தந்த கடலை இருக்கும்லா? நீங்க திங்கவே இல்லையே. ஒண்ணு குடுங்க. ஒண்ணு போதும்.

கடலைதான் பிலோமி. கேக்குதா சத்தம்? இல்ல, அடிக்கல. மாதா மேல... அழாத, எதுக்கு அழுத? நான் சொல்லுதத நம்பாட்டா போ, பக்கத்துல ஒரு சார் இருக்காரு, படிச்சவரு, ஆட்டம் முழுசும் எனக்கூடதான் இருக்காரு. அவருட்டக் கேளு. நான் வாயத் தொறந்தனான்னு கேளு.

பிடிங்க சார். கொஞ்சம் இன்னும் முன்னால சாஞ்சுக்கிடுங்க, அவன் இந்த வரிசைக்கு வந்துட்டான். ஆங், அப்படித்தான்.

சொல்லுங்க.